சிக்கனத்தில் பிறந்த சித்திரக்கலை

ஜப்பானியர் தங்கள் சித்திரக்கதைகளை மங்கா என்றும், அசையும் சித்திரப் படங்களை அனிமே என்றும் வழங்குகிறார்கள். ஷின்-சானும் டோரேமானும் தொலைக்காட்சியில் தமிழ் பேசக் கேட்டு வளர்ந்த நம் குழந்தைகளுக்கு இவை பழகிய விஷயங்களே. ஆயினும் பெரியவர்களில் பலர், இதெல்லாம் சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த அபிப்பிராயம் ஜப்பானைப் பொறுத்தவரை சிறிதும் பொருந்தாது. சிறுவர், சிறுமியர், வாலிபர், நடுவயதுப் பெண்கள் என்று ஒவ்வொரு சாராருக்கும் தனித்தனிச் சித்திரக்கதைப் பத்திரிகைகள் அங்கே நடக்கின்றன. சமையலும் மீன்பிடித்தலும் வைத்தியமும், ஒரு கம்பெனிச் சிப்பந்தியின் உத்தியோக உயர்வும்கூட அவற்றில் கதைப்பொருளாகின்றன.

இக்கலைக்கு இன்றைய உருவத்தை அளித்தவர்களில் முதன்மையானவர் ஒஸாமு தெஸுகா. 1928-இல் பிறந்து, ஓஸகா சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்ற இவர், யுத்தம் முடிந்து, நகரம் குண்டுவீச்சில் சிதைந்து, காகிதத்துக்குக்கூடத் தட்டுப்பாடு நிலவிய அந்தக் காலத்தில், மிட்டாய்க் கடைகளிலும் பொம்மைக் கடைகளிலும் அற்ப விலைக்கு விற்ற மலிவுப் புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். அவ்வகையில் 1947-இல், ஷிச்சிமா ஸகாயின் கதைக்கு இவர் சித்திரம் தீட்டி வெளிவந்த 'புதிய புதையல் தீவு' இளைஞர் உலகத்தையே ஓர் உலுக்கு உலுக்கிவிட்டது. அதன் தொடக்கத்தில் ஒரு சிறுவன் மோட்டார் காரைத் துறைமுகத்தை நோக்கி விரைந்து ஓட்டிச் செல்கிறான், நடப்பது அவ்வளவுதான். அந்த ஒரு செய்கையைத் தூரத்திலிருந்தும் சமீபத்திலிருந்தும் பல கோணங்களில், சினிமாக் காமிராவின் கண்கொண்டு, கட்டம் கட்டமாக நீட்டிக் காட்டினார் தெஸுகா. காலத்தை இவ்வாறு இழுத்தும் சுருக்கியும் ஆளும் வித்தையே மங்காவின் உயிர்நாடி. ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு ஒரு கதை நீள்வதற்கும், அவ்வளவு பக்கங்களையும் வாசகர் அலுப்பின்றிப் புரட்டிவிடுவதற்கும் காரணம் அதுவே. (வலக்கோடியில் தொடங்கி இடப்புறமாகப் படிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் புதியவருக்குச் சற்றுத் தடுமாற்றம் தரும், பத்துப் பக்கங்களில் அதுவும் பழகிவிடும்.)

1959-இல் சிறுவர்களுக்கான சித்திரக்கதை வாரப் பத்திரிகைகள் தோன்றின. நம் வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைக்காக வீடுகளில் ஒரு காலத்தில் நிலவிய போட்டியை அறிந்தவர்களுக்கு, அவை கிளப்பிய ஆர்வத்தை விளக்க வேண்டியதில்லை. மட்டரகக் காகிதத்தில், பெரும்பாலும் ஒரே வர்ணத்தில், செங்கல் பருமனில் அச்சான இந்தப் பத்திரிகைகளோடு தபால் அட்டையும் இணைக்கப்பட்டிருக்கும். எந்தக் கதை பிடித்தது என்று வாசகர் அதில் எழுதி அனுப்ப, ஆதரவு குன்றிய கதைக்குச் சில வாரங்களில் முற்றுப்புள்ளி விழுந்துவிடும். 'ஷோனென் ஜம்ப்' என்ற வார இதழ் 1995-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 65 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சானது. இந்த வெற்றிக்குப் பின்னே உறக்கமின்றி வாரந்தோறும் பக்கங்களை நிரப்பும் சித்திரக்காரரின் உடல்நலம் பலியாவதும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

மங்காவில் பேர்பெற்ற தெஸுகா, தம் கதாநாயகனான அட்டோமு என்னும் இயந்திரச் சிறுவனை 1963 ஜனவரி 1-ஆம் தேதி தொலைக்காட்சியில் நடமாடவிட்டார். வாரம் அரைமணி நேரப் படம் என்பது அன்றைய நிலையில் அசாத்தியமான காரியம். சினிமாவில் விநாடிக்கு 24 பிம்பங்கள் ஓடுகின்றன; டிஸ்னியின் கூடத்தில் அதற்கு 12 முதல் 24 சித்திரங்கள் வரைவது வழக்கம். தெஸுகாவோ ஒவ்வொரு சித்திரத்தையும் மூன்று பிம்பங்களுக்கு நிறுத்தி, எட்டே சித்திரங்களில் விநாடியைக் கடத்தினார். பேசும்போது வாய் மட்டும் அசையும். அசையாத படத்தின் மீது காமிரா நகரும். அட்டோமு பறக்கும் காட்சியை ஒருமுறை வரைந்து பத்திரப்படுத்தி, வேண்டும்போதெல்லாம் எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். வறுமையின் நிமித்தம் கைக்கொண்ட இந்த உபாயங்களே நாளடைவில் ஒரு பாணியாக முதிர்ந்து, நெடுநேரம் சலனமற்று நிற்கும் முகமும், திடீரென வெடித்துக் கிளம்பும் வேகமும் அனிமேயின் தனி அழகுகளாயின. எனினும் செலவுக்கும் குறைந்த விலைக்குத் தெஸுகா படத்தை விற்றது பின்வந்த கலைஞர்களின் ஊதியத்தைக் கெடுத்துவிட்டது என்ற பழி இன்றும் நிற்கிறது. புகழ்பெற்ற அனிமே இயக்குநரான ஹயாவோ மியாசாகியே அவரை வெளிப்படையாகக் குறைகூறியிருக்கிறார். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டென்றே எனக்கும் தோன்றுகிறது. தெஸுகா நிறுவிய படக்கூடமும் 1973-இல் திவாலாயிற்று. ஆனால் அவர் பேனா ஓயவில்லை; புத்தபிரானின் சரித்திரத்தை 1972 முதல் 1983 வரை அவர் சித்திரக்கதையாக வரைந்தார் என்பது நாம் அறியத்தக்கது.

துயரமும் இக்கலைக்கு அந்நியமன்று. ஆறு வயதுப் பாலகனாக ஹிரோஷிமாவில் அணுகுண்டைக் கண்டு, தந்தையையும் தமக்கையையும் தம்பியையும் பறிகொடுத்த கெய்ஜி நகாஸாவா, 1973-இல் தம் அனுபவத்தையே 'வெறுங்கால் கென்' என்ற தொடராக எழுதலானார். அது வெளிவந்தது சாகசக் கதைகளுக்குப் பேர்போன அதே 'ஷோனென் ஜம்ப்' இதழில்தான்!

எங்கே தொடங்குவது என்று கேட்கும் வாசகருக்கு, ஜிப்லி படக்கூடம் 1988 ஏப்ரலில் ஒரே நாளில் வெளியிட்ட இரண்டு படங்களைச் சிபாரிசு செய்வேன். முதலாவது, கிராமத்து மரத்தடியில் வாழும் ஒரு விசித்திர ஜீவனோடு இரு சிறுமியர் கொள்ளும் சிநேகத்தைச் சொல்லும் மியாசாகியின் 'என் அயலான் டோட்டோரோ'. இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். மற்றொன்று, யுத்தத்தில் அநாதைகளான ஓர் அண்ணனும் தங்கையும் பட்டினியில் படும் பாட்டைச் சொல்லும் இஸாவோ தகாஹாதாவின் 'மின்மினிகளின் சமாதி'. அதைக் குழந்தைகள் உறங்கியபின் பாருங்கள்.