முதுமை மறதிநோய்க்கான அறிதிறன் சோதனைகள்

முதுமை மறதிநோய்க்கான அறிதிறன் சோதனைகள் என்பன முதியோரின் நினைவாற்றல், கவனம், மொழித்திறன், காலம் மற்றும் இடம் பற்றிய உணர்வு ஆகியவற்றைச் சில நிமிடங்களில் மதிப்பிடும் குறுஞ்சோதனைகள் ஆகும். இவை நோயை உறுதிப்படுத்துவதில்லை. விரிவான மருத்துவ ஆய்வு யாருக்குத் தேவை என்பதை மட்டுமே காட்டுகின்றன. மனச்சோர்வு, உயிர்ச்சத்து பி12 குறைபாடு, செவிப்புலன் குறைவு போன்றவையும் மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடும்.

முதன்மையான சோதனைகள்

சிறு மனநிலைச் சோதனை (எம்.எம்.எஸ்.இ.): மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்கியூ ஆகியோர் 1975 ஆம் ஆண்டு வெளியிட்டது. மொத்தம் 30 புள்ளிகள். 24 இற்குக் குறைவாகப் பெறுவோரை மேலும் ஆராய்வது வழக்கம்.

மொண்ட்ரியால் அறிதிறன் மதிப்பீடு (மோக்கா): கனடாவைச் சேர்ந்த சியாத் நசிரெதீன் குழுவினர் 2005 இல் வெளியிட்டது. இதற்கும் 30 புள்ளிகள். 26 அல்லது அதற்கு மேல் இயல்பானதாகக் கருதப்பட்டது. நோய்க்கு முந்தைய லேசான குறைபாட்டை இது முன்னதைவிட நன்கு கண்டறிகிறது. எனினும், இவ்வரம்பு நலமான பலரையும் ஐயத்திற்கு உள்ளாக்குவதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

மினி-காக்: 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவில் சூ போர்சன் குழுவினர் வெளியிட்டது. மூன்று சொற்களை நினைவுகூர்தல், கடிகாரம் வரைதல் ஆகிய இரண்டே பகுதிகள் கொண்டது. ஏறத்தாழ 3 நிமிடங்களில் முடியும். 5 புள்ளிகளில் 3 இற்குக் குறைவானால் மேலாய்வு தேவை.

கல்வியின் தாக்கம்

எம்.எம்.எஸ்.இ. சோதனையில் 100 இலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல், ஒரு வாக்கியம் எழுதுதல், ஐங்கோணங்களைப் பார்த்து வரைதல் ஆகியவை உள்ளன. பள்ளி செல்லாத முதியவர் நோய் ஏதுமின்றியே இவற்றில் புள்ளிகளை இழக்கலாம். மாறாக, உயர்கல்வி பெற்றவர் நோயின் தொடக்கத்திலும் நல்ல மதிப்பெண் பெறலாம். மோக்காவில், 12 ஆண்டுகள் அல்லது அதற்குக் குறைவாகப் படித்தோருக்கு ஒரு புள்ளி கூட்டப்படுகிறது. எழுதுகோலே பிடித்திராதவருக்கு இது போதாது.

இக்குறையைக் களைய, அரியானா மாநிலம் பல்லப்கரில் எழுத்தறிவற்ற சிற்றூர் முதியோருக்கென மேரி கங்குலி குழுவினர் இந்தி மனநிலைச் சோதனையை உருவாக்கி 1995 இல் வெளியிட்டனர். இதில் 20 இலிருந்து மும்மூன்றாகக் கழித்தால் போதும். வாக்கியம் எழுதுவதற்கு மாறாக, தம் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்ல வேண்டும்.

குடும்பத்தினரிடம் வினவல்

நோயாளியை நன்கறிந்தவரிடம், கடந்த 10 ஆண்டுகளில் அவரிடம் ஏற்பட்ட மாற்றத்தைக் கேட்டறியும் வினாநிரல்களும் உள்ளன. ஆத்திரேலியாவில் உருவான ஐ.க்யூ.கோட் அவற்றுள் ஒன்று. இது ஒருவரை அவரது பழைய நிலையுடனேயே ஒப்பிடுவதால், கல்வியின் தாக்கம் இதில் குறைவு. எனவே இரு வகைச் சோதனைகளையும் சேர்த்துப் பயன்படுத்துவது பயனுடையது.