பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போறீங்களா?



தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சரி, காசு கொடுத்து வாங்குகிற மாட்டை? கட்டாயம் பார்க்கணும்! பழைய எலெக்ட்ரிக் கிட்டாரும் அப்படித்தான். அதற்குப் பல் எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆண்டு விழாவில் வாசிக்க எனக்கு ஒரு கிட்டார் வேணும். புதுசு வாங்க வசதியில்லை. அம்மா சீட்டுப் பணத்தில் ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்காங்க. அது ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அதனால் கிட்டார் ரிப்பேர் பண்ணும் ஒரு அண்ணாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் இயற்பியல்

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிக்குக் கீழே ‘பிக்கப்’ என்று ஒன்று இருக்கும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும். 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது! அந்தச் சின்ன மின்னோட்டத்தை ஆம்ப் பெரிதாக்கிச் சத்தமாகத் தருகிறது. ஆகவே பெயின்ட் உரிந்தாலும் கீறல் விழுந்தாலும் சத்தம் கெடாது. ஆனால் விலை குறையும். நமக்கு அதுதானே வேணும்!

எது சரியாகும், எது ஆகாது?

நாம் அதிகம் பார்ப்பது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி கிட்டார்தான். 1954-இல் வந்தது. இதை உருவாக்கிய லியோ ஃபெண்டர், அமெரிக்காவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது ஆச்சரியம்! ஆனால் ரிப்பேர்காரர் அல்லவா, எளிதாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தார். கழுத்தே ஸ்க்ரூ போட்டுத்தான் உடம்போடு சேர்ந்திருக்கும். கம்பி, சாவி, ஸ்விட்ச், பிக்கப் எல்லாம் மாற்றலாம். கழுத்து கெட்டால்தான் பெரிய செலவு. எனவே பார்க்க வேண்டிய பல், கழுத்துதான்!

பார்க்கும் முறை

1. கழுத்து: தச்சர் மரச்சட்டத்தை ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாரே, அப்படித் தலைப்பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி முறுக்கியிருந்தால் வேண்டாம். அடுத்து, தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஸ்கேல் மாதிரி நேராக நிற்கும். நடுவில், ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்கலாம். அதிகமாக வளைந்திருந்தால், உள்ளே இருக்கும் இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம். அந்தத் திருகு இன்னும் திரும்புகிறதா என்று சொந்தக்காரரையே காட்டச் சொல்லுங்க. நாம் கை வைக்கக் கூடாது.

2. ஃப்ரெட்: ஆறு கம்பி, 22 ஃப்ரெட் என்றால் மொத்தம் 132 இடம். ஒவ்வொன்றையும் அழுத்தி மீட்டுங்கள். விற்பவர் முறைத்தாலும் பரவாயில்லை! கம்பிக்கு நேர் கீழே ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஃப்ரெட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மாற்றச் செலவு அதிகம்.

3. பன்னிரண்டாவது ஃப்ரெட்: இது கம்பியின் சரிபாதி. அந்த ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டுங்கள். மணி மாதிரி ஒலிக்கும். பிறகு அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்கணும். கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம், பழைய கம்பியும் காரணமாக இருக்கலாம். பிரிட்ஜில் உள்ள ஸ்க்ரூவால் சரிசெய்யலாம்.

4. மின்சாரப் பகுதி: ஆம்ப்பில் போடாமல் வாங்கவே கூடாது. ஸ்விட்ச்சை ஒவ்வொரு நிலையிலும் வைத்துக் கேளுங்கள். குமிழைத் திருகும்போது ‘கரகர’ என்றால் பெரும்பாலும் தூசிதான். வயர் குத்தும் இடத்தை லேசாக அசைத்தால் சத்தம் விட்டு விட்டு வந்தால், பற்றவைப்பு விட்டிருக்கலாம். இரண்டும் சின்ன வேலை. விலை குறைக்கக் கேட்க நல்ல காரணம்!

5. விரிசல்: தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். பெயின்ட் வெடிப்பு வேறு, மரம் வெடிப்பது வேறு.

விலைக் கணக்கு

அதே மாடலின் புது விலையை முதலில் விசாரிக்கணும். கணக்குக்காகப் புதுசு 20,000 ரூபாய், பழசு 12,000 ரூபாய் என்று வைப்போம். கம்பி மாற்றி, சுத்தம் செய்ய 1,500 ஆனால் மொத்தம் 13,500. லாபம்! அதுவே கழுத்து, ஃப்ரெட் வேலைக்கு 6,000 ஆனால் 18,000. இன்னும் 2,000 சேர்த்தால் உத்தரவாதத்தோடு புதுசே வாங்கிவிடலாமே!

ஆசையாக வாங்கி, மூணு மாசத்தில் விரல் வலிக்குது என்று விட்டவர்களின் கிட்டார்தான் நமக்கு நல்லது. ஃப்ரெட் தேய்ந்தே இருக்காது. பை, வயர், சின்ன ஆம்ப் சேர்த்துத் தருவாங்களா என்றும் கேளுங்கள். பில் இருக்கிறதா என்று கேட்க மறக்காதீங்க, திருட்டுப் பொருள் நம் தலையில் விழக் கூடாது. தலையில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்பாதீங்க. ஸ்டிக்கர் யாரும் ஒட்டலாம். நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே வேண்டாம்.

நானும் அண்ணாவும் இதுவரை நாலு கிட்டார் பார்த்தோம். பளபளவென்று இருந்த சிவப்புக் கிட்டாரில் திருகு முழுசாக இறுகியும் கழுத்து வளைந்தே இருந்தது. ஓரமெல்லாம் பெயின்ட் போன கறுப்புக் கிட்டாரில் 132 இடமும் சுத்தமாகப் பேசியது. இரண்டுக்கும் கேட்டது ஒரே விலை! கறுப்பைத்தான் இப்போது பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நண்பர்களே, நிறத்தைப் பார்த்து மயங்காதீங்க. கழுத்தைப் பாருங்க, காதால் கேளுங்க, அப்புறம் காசை எடுங்க!



— 11-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்