“மகனைக் கொண்டு வா!” கோர்ட்டு உத்தரவு போட்டும் வராத மாணவர்: கோவையில் நடந்த ராஜன் வழக்கு

கோவை கோர்ட்டு எத்தனையோ கொலை வழக்குகளைப் பார்த்திருக்கிறது. ஆனால் பிணமே இல்லாமல், போலீஸ் அதிகாரிகளே கூண்டில் நின்ற வழக்கு என்றால் அது ராஜன் வழக்குதான். சம்பவம் நடந்தது கேரளாவில். விசாரணை நடந்தது நம்ம ஊரில்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கோழிக்கோடு ரீஜனல் என்ஜினீயரிங் கல்லூரியில் கடைசி வருடம் படித்து வந்தவர் ராஜன். நன்றாகப் பாடுவார். 1976-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி காயண்ணா போலீஸ் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கினார்கள். நாட்டில் நெருக்கடி நிலை அமலில் இருந்த நேரம். போலீசுக்கு உடனே ஆள் வேணும். கேட்கவா வேணும்?

மார்ச் 1-ந் தேதி விடியற்காலை. கலைவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பிய ராஜனைக் கல்லூரியிலேயே போலீசார் பிடித்தார்கள். இன்னொரு மாணவரும் சிக்கினார்.

உருட்டல்

கக்கயம் என்ற மலைப்பகுதியில், மின்சார வாரியக் கட்டிடத்தில் போலீஸ் முகாம் போட்டிருந்தார்கள். பிடிபட்டவர்கள் எல்லாம் அங்கேதான் போனார்கள். பெஞ்சில் படுக்க வைத்துக் கட்டி, தொடை மேல் உலக்கையை வைத்து அழுத்தி உருட்டுவது அங்கே வழக்கம். “உருட்டல்” என்று பெயர். கேட்டால் ஏதோ சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறது. எலும்போடு சதை பிய்ந்துபோகும் சித்ரவதை அது.

ராஜனின் தந்தை ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். கைதான செய்தியைக் கல்லூரி முதல்வரே கடிதம் போட்டுத் தெரிவித்தார். பதறிப்போன மனுஷன் கக்கயத்துக்கு ஓடினார். மகனைப் பார்க்க விடவில்லை. திருவனந்தபுரத்துக்கு ஓடினார். போலீஸ் மந்திரி கருணாகரனைப் பார்த்தார். முதல்-மந்திரி அச்சுத மேனனைப் பார்த்தார். ஜனாதிபதி வரைக்கும் மனு அனுப்பினார். “பையன் எங்கே?” இதுதான் கேள்வி. பதில் சொல்ல ஆளே இல்லை.

கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் அந்தக் கதவும் மூடிக்கிடந்தது. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு செல்லாது என்று 1976 ஏப்ரல் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

1977 மார்ச் 21-ந் தேதி நெருக்கடி நிலை முடிந்தது. வாரியர் ஒரு நாளும் வீணாக்கவில்லை. அந்த வாரமே கேரள ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். அதே வாரத்தில் கருணாகரன் முதல்-மந்திரி ஆனார்!

அப்படி ஒரு ஆளைப் பிடிக்கவே இல்லை என்று சர்க்கார் தரப்பு சாதித்தது. பிடித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் கோர்ட்டில் வந்து சொன்னார்கள். கக்கயத்தில் கூட இருந்தவர்களும் சொன்னார்கள். நீதிபதிகள் போற்றியும் காலித்தும் அதை நம்பினார்கள். ராஜனை 21-ந் தேதி கோர்ட்டில் நிறுத்துங்கள் என்று ஏப்ரல் 13-ந் தேதி உத்தரவு போட்டார்கள்.

21-ந் தேதி வந்தது. ராஜன் வரவில்லை. ஏப்ரல் 25-ந் தேதி கருணாகரன் பதவி விலகினார். ஒரே மாதத்தில் நாற்காலி போயிற்று.

அதற்குப் பிறகுதான் சர்க்கார் உண்மையைக் கக்கியது. போலீஸ் காவலில் 1976 மார்ச் 2-ந் தேதியே ராஜன் இறந்து போனார்! பிடித்த மறுநாள். அதாவது, தந்தை மந்திரிகளின் வாசலில் கைகட்டி நின்றபோதே மகன் உயிரோடு இல்லை. அது தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அந்த மனுஷனை அலைய விட்டார்கள்.

உடல் எங்கே?

எரித்துவிட்டார்கள் என்றார்கள். அணையில் போட்டுவிட்டார்கள் என்றும் பேச்சு. உடல் மட்டும் கிடைக்கவே இல்லை.

கோவை கோர்ட்டில் டி.ஐ.ஜி. ஜெயராம் படிக்கல் மீதும் மற்ற போலீசார் மீதும் வழக்கு நடந்தது. படிக்கலுக்குத் தண்டனை விழுந்தது. அப்பீலில் அதுவும் ரத்தானது. அவ்வளவுதான் கதை. ஒரு மாணவன் செத்தது வாஸ்தவம், போலீஸ் காவலில் செத்ததும் வாஸ்தவம். ஜெயில் கம்பி எண்ணத்தான் ஆள் இல்லை.

ஆளைத் தூக்கிப் போய் மறைப்பதைத் தடுக்கும் ஐ.நா. ஒப்பந்தத்தில் 2007-ம் ஆண்டு இந்தியா கையெழுத்துப் போட்டது. உறுதி செய்யும் வேலை இன்னும் பாக்கி. அதற்கென்று தனிச் சட்டமும் இல்லை.

ராஜனின் தாயார் மனநிலை பாதித்தவர். மகன் செத்ததை அவரிடம் சொல்லவே இல்லை. வருவான் வருவான் என்று பார்த்திருந்து 2000-ம் ஆண்டில் கண் மூடினார். மகன் எந்த நேரமும் பசியோடு வரலாம் என்று வீட்டில் அவனுக்கும் சேர்த்துச் சோறு வைக்கச் சொன்னதை வாரியர் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

2006 ஏப்ரலில் வாரியரும் போய்விட்டார். மகனின் உடலை என்ன செய்தார்கள் என்று கடைசிவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை.