புது மட்டை எதற்கு?

மூன்றடியில் உலகளந்த பெருமாள் கோயில் கொண்ட திருக்கோவிலூரில் கோல்ப் மைதானம் ஏது என்று சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் இவ்வூர் மாப்பிள்ளை ஒருவர், பந்தை நெடுந்தூரம் அடிக்கும் 'டிரைவர்' மட்டையை மாற்றப் போகிறாராம். புதிது சுமார் 600 டாலர். நம் பணத்தில் 50,000 ரூபாய்க்கு மேல்!

"கறவை மாடே வாங்கலாமே, தம்பி!" என்று மாமியார் என்னிடம் நியாயம் கேட்டார்.

நியாயம் அம்மாள் பக்கமே. மட்டைத் தலையின் பருமன் 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாதென்று 2004 முதலே விதி. பந்தை உந்தும் துள்ளலுக்கும் வரம்புண்டு. பத்து வருஷத்து மட்டையானாலும் நடுவில் பட்டால் வித்தியாசம் சொற்பமே. ஓரத்தில் பட்ட பந்து புதியதில் அவ்வளவாகக் கோணாது, அது வாஸ்தவம். அதற்கு இத்தனை விலையா? தேய்ந்த பிடியை மாற்றி நன்றாகப் பழகட்டுமே!

மாப்பிள்ளைக்கு அப்படியே எழுதிவிட்டேன். பதில்தான் இன்னும் வரவில்லை.