சிப்பந்தியின் பிள்ளைக்கு நோய் வந்தால்...

நமது கடைப் பேரேட்டில் சிப்பந்திகளின் பற்றுப் பக்கத்தைப் புரட்டினால், 'பிள்ளை வைத்தியத்துக்கு' என்று எழுதிய தொகை ஒன்றாவது இருக்கும். அதைச் சம்பளத்தில் கழித்து முடிப்பதற்குள் அடுத்த பற்று வந்துவிடுகிறது. வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை. கொடுத்த நமக்கும் நிம்மதி இல்லை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பிள்ளைகளின் இருதய அறுவை சிகிச்சை போன்றவற்றைப் பணம் கட்டாமல் செய்துகொள்ளலாம். ஆனால் 2022-இல் உயர்த்தப்பட்ட வருமான வரம்பே ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்தான். அதாவது மாதம் 10,000. நம்மிடம் 14,000 வாங்குபவர் இதில் வரமாட்டார். சாதாரணக் காய்ச்சலுக்கு மருந்து வாங்கவும் இது உதவாது.

இரண்டாவது, ஈ.எஸ்.ஐ. திட்டம். 2017 முதல் மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், சிப்பந்தி பங்கு 0.75 சதவீதம். சம்பளம் 14,000 என்றால் நாம் 455 ரூபாய், அவர் 105 ரூபாய். காய்ச்சல் முதல் அறுவை சிகிச்சை வரை மனைவி மக்களுக்கும் வைத்தியம் உண்டு.

ஆனால் 10 பேர் வேலை செய்யும் கடைக்குத்தானே ஈ.எஸ்.ஐ.? நான்கைந்து பேர் உள்ள மளிகைக் கடைச் சிப்பந்திகள் இரண்டுக்கும் நடுவில் விடுபட்டுப் போனார்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, முதலாளியும் பெரும்பான்மைச் சிப்பந்திகளும் சம்மதித்தால் சிறிய கடையும் விருப்பத்தின் பேரில் சேரலாம்.

இதே சம்பளத்தில் ஐந்து பேருக்கு நம் பங்கு மாதம் 2,275 ரூபாய். லாபம் குறைந்த நமது தொழிலில் இது சிறு தொகை அல்ல. ஆயினும் வசூலாகாத பற்றையும், பழகிய ஆள் பாதியில் வேலையை விட்டுப் போவதால் வரும் நஷ்டத்தையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டுகிறோம்.

அரசுத் திட்டத்துக்குத் தகுதியுள்ள சிப்பந்திக்கு அரை நாள் விடுப்புக் கொடுங்கள். பிள்ளையின் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு வருமானச் சான்றும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குச் செல்லட்டும். மழைக்கு முன்பே மூட்டையை மூடுகிறவர்கள் நாம். இதையும் நோய் வருமுன் செய்துவிடுவோம்.