மழையைத் தெருவோரத்தில் நிறுத்திவைத்த ஊர்

சியாட்டில் நகரத்தின் மேற்குப் பக்கம், வீடுகளுக்கும் சாலைகளுக்கும் நடுவே, லாங்ஃபெலோ என்றொரு சின்ன ஓடை ஓடுகிறது. இலையுதிர்காலத்து மழை தொடங்கியதும் கடலிலிருந்து கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிட இதற்குள் ஏறி வரும். 1990-களில் இதுபோன்ற நகர ஓடைகளைச் சீரமைக்க நிறையச் செலவு செய்தார்கள். கரையில் மரம் வைத்தார்கள், அடியில் கூழாங்கல் பரப்பினார்கள், மீன் ஏறத் தடையாக இருந்தவற்றை அகற்றினார்கள். மீன்களும் வந்தன. வந்து, செத்தன.

சாவு பார்க்கச் சகிக்காததாக இருந்தது. மீன் வாயைப் பிளந்து பிளந்து மூடும், நீரின் மேல்மட்டத்தில் திசை தெரியாமல் சுற்றும், பிறகு ஒருக்களித்துச் சாயும். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். செத்த பெண் மீன்களைக் கீறிப் பார்த்தால் முட்டைகள் அப்படியே உள்ளே இருந்தன. சில ஓடைகளில், சில ஆண்டுகளில், வந்த மீன்களில் 40 முதல் 90 சதவீதம் வரை முட்டையிடாமலே மடிந்தன. எல்லாம் மழை பெய்த பிறகுதான் நடந்தது. நோய் இல்லை, வெப்பம் இல்லை, பிராணவாயுக் குறைவும் இல்லை. சாலையில் விழுந்து ஓடைக்கு வந்த மழைநீரில்தான் ஏதோ இருந்தது. அந்த ‘ஏதோ’ என்னவென்று கண்டுபிடிக்க இருபது ஆண்டுகள் பிடித்தன.

அதற்கிடையில் அதே ஊரில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்கும் மீன் சாவுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

தெருவோரத்தில், வீட்டு முற்றத்தில், ஆழமில்லாத ஒரு பள்ளம். உள்ளே மணலும் மட்கு உரமும் கலந்த மண், அதில் செடிகள். கூரையிலும் சாலையிலும் விழும் மழை அந்தப் பள்ளத்தில் இறங்கி, அரை அடி உயரத்துக்கு நின்று, ஒன்றிரண்டு நாளில் மண்ணுக்குள் போய்விடும். இதுதான் மழைத் தோட்டம். அமெரிக்காவில் இதற்கு இந்த வடிவம் கொடுத்தது மேரிலாந்து மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்டி. 1990-ஐ ஒட்டி டிக் பிரிங்கர் என்ற வீட்டுமனைக்காரர், சாமர்செட் என்ற புதுக் குடியிருப்பில் வழக்கமான வடிகாலும் குட்டையும் கட்டுவதற்குப் பதிலாக வீட்டுக்கு வீடு 300, 400 சதுர அடியில் தோட்டம் போடலாமா என்று கேட்டார். கவுன்டியின் சுற்றுச்சூழல் அதிகாரி லாரி காஃப்மன் சரி என்றார். வழக்கமான முறைக்கு ஏறத்தாழ 4 லட்சம் டாலர் ஆகியிருக்கும். தோட்டங்களுக்கு ஆனது சுமார் 1 லட்சம். சூழல் மீது எவ்வளவு அக்கறை இருந்ததோ தெரியாது, இந்தக் கணக்குதான் யோசனையை நாடெங்கும் கொண்டுபோனது என்பது என் எண்ணம்.

சியாட்டில் அதைத் தெருவுக்கே கொண்டுவந்தது. நகரத்தின் வடபகுதி 1954-இல்தான் மாநகரோடு சேர்ந்தது. அங்கே பல தெருக்களில் நடைபாதை கிடையாது, முறையான வடிகால் கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடி, பைப்பர்ஸ் ஓடையில் விழுந்து கரையை அரிக்கும். 2001-இல் இரண்டாம் அவென்யூவில், 117-ஆம் தெருவுக்கும் 120-ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட துண்டை நகராட்சி எடுத்துக்கொண்டது. நேர்க்கோடாக இருந்த தெருவை வளைத்து வளைத்துப் போட்டார்கள். அகலத்தை 14 அடியாகக் குறைத்தார்கள். மிச்ச இடத்தில் இரு பக்கமும் அடுத்தடுத்துப் பள்ளங்கள். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழியும். 100 மரங்கள், 1,100 புதர்ச்செடிகள். எதிரெதிரே இரண்டு கார் வந்தால் மெதுவாகத்தான் கடக்க முடியும். ‘சீ ஸ்ட்ரீட்’ என்று பெயர் வைத்தார்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் அங்கே கருவி வைத்து அளந்தார்கள். முன்பு அந்தத் தெருவிலிருந்து வெளியேறிய மழைநீரில் 98, 99 சதவீதம் வெளியேறவே இல்லை. தண்ணீர் அங்கேயே மண்ணில் இறங்கியது, செடி குடித்தது, ஆவியானது. அடுத்த சில ஆண்டுகளில் பக்கத்துத் தெருக்களுக்கும் இந்த முறை போனது. லாங்ஃபெலோ ஓடைக்குத் தண்ணீர் அனுப்பும் ஹை பாயின்ட் என்ற அரசுக் குடியிருப்பை இடித்துக் கட்டியபோது, ஏறத்தாழ 120 ஏக்கரையும் இப்படியே வடிவமைத்தார்கள்.

என்ன செடி வைத்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மழை ஊர் என்று சியாட்டிலுக்குப் பெயர். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் மாதத்துக்கு ஓர் அங்குல மழைகூடத் தேறாது. ஆறேழு மாதம் ஈரத்தில் நின்ற செடி அதன்பின் வறட்சியையும் தாங்க வேண்டும். நர்சரியில் அழகுக்கு வாங்கும் செடிகளில் பெரும்பாலானவற்றால் இரண்டும் முடியாது. அந்த மண்ணிலேயே பிறந்தவை பழகியிருக்கின்றன. பள்ளத்தின் அடியில், தண்ணீர் நிற்கும் இடத்தில், ஸ்லவ் செட்ஜ் என்ற கோரை வகை. சரிவில் சிவப்புத் தண்டு டாக்வுட்டும் ஸ்னோபெரியும். தண்ணீர் எட்டாத மேல்விளிம்பில் ஸ்வோர்ட் ஃபெர்னும் ஆரகன் கிரேப்பும். மேலே இருப்பதைக் கீழே வைத்தால் அழுகும், கீழே இருப்பதை மேலே வைத்தால் காயும். நாட்டுச் செடி என்றாலும் வைத்த முதல் இரண்டு கோடைக்காவது தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். ‘வைத்துவிட்டால் போதும், தானே வளரும்’ என்று விற்கப்பட்ட தோட்டங்கள்தான் முதலில் களைக்காடாகின.

வேரின் வேலை தண்ணீர் குடிப்பது மட்டுமல்ல. கோரையின் வேர் வளர்ந்து, செத்து, மறுபடி வளரும்போது மண்ணில் நுண்ணிய வழிகள் திறந்துகொண்டே இருக்கும். செடி இல்லாத வெறும் மணல் படுகை சில மழைக்குள் வண்டல் படிந்து மேலே அடைத்துக்கொள்ளும்.

இதுவரை எல்லாம் நல்லபடி. பிறகு பாலார்ட் வந்தது.

பாலார்ட், சியாட்டிலின் பழைய பகுதிகளில் ஒன்று. அங்கே சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழையில் குழாய் நிரம்பினால் இரண்டும் கலந்து நீர்நிலையில் கொட்டும். மழைநீரைத் தெருவிலேயே நிறுத்தினால் குழாய் நிரம்பாது அல்லவா? 2010-இல் மத்திய அரசின் ஊக்க நிதி கிடைத்தது. அவசரமாகச் செலவழிக்க வேண்டிய பணம். சில தெருக்களில் வேகமாக மழைத் தோட்டங்கள் வெட்டினார்கள். மழை பெய்தது. பல பள்ளங்களில் தண்ணீர் இறங்கவே இல்லை. வீட்டு வாசலில் நாள்கணக்காகக் கலங்கல் நீர் நின்றது. குழந்தை விழுந்தால் என்ன ஆகும், கொசு வராதா, காரிலிருந்து எங்கே காலை வைப்பது என்று குடியிருப்போர் கொதித்துப்போனார்கள். நகராட்சி சிலவற்றை மூடியது, சிலவற்றை மாற்றிக் கட்டியது.

காரணம் காலடியில் இருந்தது. பனியுகத்தில் சியாட்டிலின் மேல் ஆயிரக்கணக்கான அடி தடிமனில் பனிப்பாறை அழுத்திக்கொண்டிருந்தது. அது இறுக்கிவிட்டுப் போன மண் பல இடங்களில் காங்கிரீட் போல இருக்கிறது. தண்ணீர் உள்ளே போகாது. ஒரே தெருவில் பத்தடி தள்ளிப் போனால் மணல் இருக்கும், இன்னும் பத்தடி தள்ளினால் இந்தப் பாறைமண். ஒவ்வொரு இடத்திலும் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பது அலுப்பான வேலைதான். அவசரத்தில் அது போதிய அளவு நடக்கவில்லை.

அடுத்து மேற்கு சியாட்டிலின் பார்ட்டன் பகுதியில், சியாட்டில் அடங்கிய கிங் கவுன்டியின் நிர்வாகம் 15 தெருத்துண்டுகளில் தோட்டங்கள் போட்டபோது வேறு வழி பிடித்தது. தோட்டத்து மண்ணில் இறங்கிய நீரை அடியில் துளைக் குழாய் வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து ஆழ்கிணற்றுக்குப் போய், இறுகிய அடுக்கைத் தாண்டிக் கீழேயுள்ள மணலில் சேரும். பாலார்ட்டிலோ கடைசியில் சுரங்கமே தோண்டினார்கள். 2.7 மைல் நீளம், கிட்டத்தட்ட 19 அடி விட்டம், ஒரு மழையில் 11 கோடி லிட்டர் வரை பிடித்துவைக்கும். தோட்டம் வந்துவிட்டால் குழாயே வேண்டாம் என்று பேசுகிற ஆர்வலர்கள் இந்தச் சுரங்கத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் தோட்டம் எதற்கு? விடை மீனிடமிருந்து வந்தது.

புயாலப் ஊரிலுள்ள வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் ஜெனிஃபர் மெக்கின்டயரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்து வழிந்த மழைநீரைப் பிடித்து வந்து அப்படியே ஒரு தொட்டியில் விட்டார்கள். அதே நீரை, மழைத் தோட்டத்தில் போடும் மணல், மட்கு கலவை வழியே வடித்து இன்னொரு தொட்டியில் விட்டார்கள். இரண்டிலும் இளம் கோஹோ மீன்கள். முதல் தொட்டி மீன்கள் எல்லாம் செத்தன. இரண்டாம் தொட்டி மீன்கள் எல்லாம் பிழைத்தன. 2015-இல் இது வெளியானது. விஷத்தின் பெயர் அப்போதும் தெரியாது. ஆனால் அதைப் பிடிக்க சில அடி மண் போதும் என்பது தெரிந்துவிட்டது.

பெயர் தெரிந்தது 2020 டிசம்பரில். டயர் ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்க 6பிபிடி என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்தால் அது 6பிபிடி-குவினோன் என்ற வேறொன்றாக மாறுகிறது. டயர் தேய்ந்து சாலையில் படியும் தூளில் அது இருக்கிறது. கோஹோவைக் கொல்ல மிகச் சிறிய அளவே போதும். கோஹோ சாகும் அதே சாலைநீரில் சம் சால்மன் என்ற இன்னொரு வகைக்கு ஒன்றும் ஆவதில்லை என்பது விந்தை. 2023-இல் யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்கிளாலம், புயாலப் என்ற மூன்று பழங்குடி இனத்தவர் இந்தப் பொருளை டயரில் தடை செய்யக் கோரி மத்திய சுற்றுச்சூழல் முகமையிடம் மனு கொடுத்தார்கள். முகமை மனுவை ஏற்றுக்கொண்டு விதிகள் செய்யும் வேலையைத் தொடங்கியது. மாற்றுப்பொருள் வரும்வரை டயர்தூளுக்கும் ஓடைக்கும் நடுவே நிற்கப்போவது அந்தத் தெருவோர மண்தான்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு கேள்வி எழும், நியாயமான கேள்வி. சியாட்டில் விமான நிலையத்தில் ஒரே நாளில் பதிவான உச்ச மழை 2003 அக்டோபரில் பெய்த 127 மில்லிமீட்டர். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 490 மில்லிமீட்டர். அந்த மாதிரி நாளில் எந்தத் தோட்டமும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஐப்பசியில் வாரத்துக்கு இரண்டு தடவை பெய்து, தெருமுனையில் முழங்கால் அளவு நிற்கிற சாதாரண மழை இருக்கிறதே, அதில் கணிசமான பங்கைப் பூங்காவிலும் சாலையோரத்திலும் பிடித்துவைக்கலாம். மாநகராட்சி பூங்காக்களில் ஸ்பாஞ்ச் பார்க் என்று குளம் வெட்டுவது இந்த வழிதான். நமக்கும் எட்டு மாதம் காய்ச்சல், நாலு மாதம் ஈரம். நொச்சி, புங்கன், வெட்டிவேர், கோரை எல்லாம் இரண்டையும் தாங்கும். கழிவுநீர்க் குழியோரம் நாம் வைக்கும் கல்வாழை அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு என்றாலும், வேலையைச் செய்கிறது; அதைப் பிடுங்க வேண்டியதில்லை.

மண்ணும் இங்கே தெருவுக்குத் தெரு மாறுகிறது. திருவான்மியூரில் மணல், மேற்கு மாம்பலத்தில் களிமண், கிண்டியில் சீக்கிரமே பாறை. ஒரே வரைபடத்தை எல்லா வார்டுக்கும் அனுப்பினால் பாலார்ட்தான் நடக்கும். டெண்டர் விடுவதற்கு முன்னால் இரண்டடிக் குழி ஒன்று தோண்டி, தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் போய்ப் பார்க்க ஓர் ஆளை அனுப்பலாம். கொசு முட்டை பொரித்துப் பறக்க ஒரு வாரம் எடுக்கும். மூன்று நாளுக்குள் தண்ணீர் வடிகிற பள்ளத்தில் அந்தக் கவலையும் இல்லை. வடியாத இடம் என்றால் அடியில் குழாய் போட வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். பிறகு ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்பு வண்டலை வாரி, பிளாஸ்டிக் பையைப் பொறுக்கி, செத்த செடிக்குப் பதில் செடி வைக்க ஒரு தோட்டக்காரருக்குச் சம்பளம் வேண்டும். அந்தத் தொகையை முதல் ஆண்டு மதிப்பீட்டிலேயே எழுதிவிட வேண்டும்.