வைத்தியசாலை இணைப்பும் சமத்துவ ஆராய்ச்சியும்

வைத்தியசாலைகள் ஒன்றாக இணையுங்கால் செலவு எவ்வளவு குறையுமென்பதையே பலரும் முதலிற் கணக்கிடுவர். அவ்விணைப்பின் சுமை யார்மேல் விழும் என்பதையும் ஆராய்தல் வேண்டுமென்பதே நாம் ஈண்டு விளக்கப் புகுந்தது.

இங்கிலாந்தில் இவ்வாராய்ச்சிக்கு அடிப்படை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமாகும். வயது, அங்கவீனம், இனம், சமயம், பால், கர்ப்பம் முதலாய ஒன்பது இயல்புகளை அது காக்கின்றது. வேற்றுமை பாராட்டுதலை ஒழிப்பதிற் கருத்துடையராயிருத்தலைப் பொது ஸ்தாபனங்களுக்குக் கடமையாக்குகின்றது. 1998ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டமோ உயிரையும் குடும்ப வாழ்வையும் மதிக்கப் பணிக்கின்றது.

2012ஆம் ஆண்டு ஏப்ரலில் கிழக்கு லண்டனில் பார்ட்ஸ், நியூஹாம், விப்ஸ் கிராஸ் முதலிய வைத்தியசாலைகளின் நிர்வாகங்கள் ஒன்றாயின. வங்காளிகளும் தமிழரும் பிறரும் நெருங்கி வாழும் பகுதி அது. இத்தகைய இடத்தில் ஒரு சிகிச்சைப் பிரிவு இடம் மாறுமாயின், வாகனமுடையார்க்கு அது சிறு தொலைவே. ஊன்றுகோலுடன் இரண்டு பஸ் ஏறவேண்டிய மூதாட்டிக்கோ வைத்தியமே எட்டாப் பொருளாய்விடும். மொழிபெயர்ப்பாளரின்றித் தம் நோயைக் கூறவியலாதார் நிலையும் அன்னதே.

ஆதலின், நோயாளர் எவரெவரெனக் கணக்கெடுத்து, அவர்தம்மையே வினவி, தீங்கைக் குறைக்கும் வழியைத் தேடல் வேண்டும். இதனை முடிவுக்கு முன்னரே, உண்மையான ஆராய்ச்சியாகச் செய்யவேண்டுமென, அங்கவீனர் பற்றிய வழக்கொன்றில் 2008ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் வற்புறுத்தியது. முடிவு செய்தபின் எழுதும் அறிக்கை, நோயாளி இறந்தபின் எழுதும் மருந்துச்சீட்டையே ஒக்கும்.